ஆறு சிவப்புப் பெருக்கல் குறிகள்

பிள்ளையார்பாளையம்,
6.2.2005

அன்புள்ள தேவகிக்கு,

உன் கணவன் அர்ஜுனன் எழுதுவது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். ஓசூர் குளிர் ஒத்துக்கொள்கிறதா? ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி?

என் தங்கை கீர்த்தியின் நிச்சயதார்த்தத்துக்கு நீ வரவில்லை. ஸ்டூடியோ சிட்டிபாபு படம் பிடித்து சிடி கொடுத்திருக்கிறான். அதை வெட்டி ஒட்டி, எழுத்தெல்லாம் போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குப் பத்து நிமிடப் படமாகக் கொடுக்க வேண்டுமாம் கீர்த்திக்கு. நம் கம்ப்யூட்டரில் போட்டால் சத்தம் மட்டும் வருகிறது. மேளம் கேட்கிறது, திரை கறுப்பு. புடவைக் கரைக்கு டிசைன் போடுவதற்கு மேல் எனக்கு அதில் என்ன தெரியும்? நீதான் வழி சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வேலையை விடுவதாகப் பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாயா?

அன்புடன்,
அர்ஜுனன்


ஓசூர்,
10.2.2005

அன்புள்ள மாமாவுக்கு,

தேவகியின் வணக்கம். குளிர் குறைந்துவிட்டது. சாம்பார்தான் தண்ணீர்.

அந்த வகைப் படத்தைப் பிரித்துக் காட்ட 'கோடெக்' என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டும், நம்மிடம் இல்லை. அலமாரியில் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடி மஞ்சள் உறையில் இருக்கும், அதிலிருந்து ஏற்றுங்கள். பிறகு கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். தயவுசெய்து அதன் தலையில் தட்டாதீர்கள்.

வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பொங்கலன்று சித்தப்பா, சித்தி, எல்லோர் முன்னாலும் "பசங்களுக்கு மவுஸ் புடிக்கக் கத்துக் குடுக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்றீர்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அதே முகங்களுக்கு நடுவில் போய் நிற்க என்னால் முடியவில்லை. பரீட்சை இருக்கிறது என்று சொன்னது பொய்.

அடுத்த வருஷமும் இருப்பேனா என்று மார்ச் 15-க்குள் பள்ளியில் சொல்ல வேண்டும். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள்
தேவகி


பிள்ளையார்பாளையம்,
16.2.2005

அன்புள்ள தேவகிக்கு,

மஞ்சள் உறை கிடைத்தது. படம் வருகிறது! அம்மா தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் இம்மாங் கறுப்பாவா இருக்கறேன்?" என்று சிட்டிபாபுவைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

வெட்டி ஒட்டிவிட்டேன். ஆனால் படமாக்கச் சொன்னால் அறுபத்தேழு சதவீதத்தில் நின்றுவிடுகிறது. மூன்று நாளாக அதே அறுபத்தேழு. தறியில் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். இதில் எங்கே போய்த் தேடுவது?

நீ எழுதிய மற்றதையும் படித்தேன்.

அர்ஜுனன்


ஓசூர்,
20.2.2005

அன்புள்ள மாமாவுக்கு,

படித்தேன் என்று ஒரு வரியாவது எழுதினீர்களே.

சி டிரைவில் இடம் இருக்காது, எல்லாம் உங்கள் மயில், அன்னம், மாங்காய் டிசைன்கள்தான் அடைத்துக்கொண்டிருக்கும். படத் துண்டுகள் இருக்கும் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றுங்கள்.

தேவகி


பிள்ளையார்பாளையம்,
25.2.2005

அன்புள்ள தேவகிக்கு,

நீ சொன்னபடி மாற்றினேன். இப்போது ஆறு துண்டுகளும் இருந்த இடத்தில் சிவப்பாகப் பெருக்கல் குறி! கீர்த்தி அழுகிறாள். 'சேவ்' கொடுத்தால் மட்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆகிவிடுகிறது. அதை சிடியில் ஏற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் கம்ப்யூட்டரிலாவது தெரிகிறதா பார்.

நேற்றுத் தேர் பார்க்கப் போனோம். பாதியில் திரும்பிவிட்டேன்.

அர்ஜுனன்


ஓசூர்,
2.3.2005

அன்புள்ள மாமாவுக்கு,

சிடியைப் பள்ளி லேபில் போட்டேன். நீங்கள் அனுப்பியது படமே இல்லை. எதற்குப் பின் எது வர வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான். படத் துண்டுகள் உங்களிடமே இருக்கின்றன. ஆனால் நடுநடுவே நீங்கள் அடித்த எழுத்துகள் குறிப்போடு சேர்ந்து வந்துவிடும். அது உங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருக்கிறீர்கள். முதலில் கீர்த்தி, மாப்பிள்ளை லோகேஷ் பெயர்கள். பிறகு ஒரு சிவப்புக் குறி. அதன்பின், 'தட்டு மாத்தறோம். என் பக்கத்துல தேவகி நிக்கணும். சித்தி நிக்கறாங்க.' கடைசிக் குறிக்கு அப்புறம், 'அவ வேலைய எல்லார் எதிர்லயும் கேவலமா பேசனேன். தப்பு என்னுது.'

பிள்ளைகள் பார்ப்பதற்குள் திரையை அணைத்துவிட்டேன். அழுகையைத்தான் அணைக்க முடியவில்லை.

துண்டுகள் அழியவில்லை, இடம்தான் மாறியிருக்கின்றன. மாற்றச் சொன்னவள் நான், இதையும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சிவப்புக் குறிமேல் வலது கிளிக் செய்து, டி-யில் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். வந்துவிடும்.

அந்த இரண்டு எழுத்தையும் யாரும் பார்ப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். நான் படித்ததே எனக்குப் போதும்.

உங்கள்
தேவகி


பிள்ளையார்பாளையம்,
7.3.2005

என் அன்பான தேவகிக்கு,

ஆறும் வந்துவிட்டன.

அந்த இரண்டு எழுத்தும் எனக்காக அடித்துப் பார்த்தவை. அழிக்கத்தான் இருந்தேன். உன் கடிதம் வந்தபின் அழிக்கவில்லை. நேற்று ஞாயிறு, பொங்கலன்று சிரித்த அத்தனை பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் படம் போட்டேன். கடைசி எழுத்து வந்ததும் அம்மா, "இன்னாபா இங்கிலீசுல எழுதிக்கிறே? எனுக்குப் படிச்சிச் சொல்லு" என்றாள். கீர்த்தி படிக்க வாயெடுத்தாள். அவளை நிறுத்திவிட்டு நானே எழுந்து நின்று படித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அம்மாதான் கடைசியில், "இத்த அவகிட்ட நேர்ல சொல்றதுக்கு இன்னா? ஓசூருக்கு பஸ் ஓடலியா?" என்றாள்.

ஓடுகிறது. சனிக்கிழமை வருகிறேன். 15 வரை காத்திருக்காதே, அடுத்த வருஷமும் இருக்கிறேன் என்று நாளைக்கே சொல்லிவிடு.

மாப்பிள்ளை வீட்டு சிடியில் அந்த எழுத்துகளை எடுத்துவிட்டேன். உனக்குக் கொண்டுவரும் சிடியில் இருக்கின்றன. உன் லேபில் ஓரமாக எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வை.

உன்
அர்ஜுனன்