கோட்டில் இருந்த துளை பற்றியும், கடைக்கு வந்த கோட்டைப் பற்றியும்

அனுப்புநர்
தையற்காரர்,
ஆண்கள் உடை தையலகம்,
பேருந்து நிலையத்தின் பின்புறம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மறைந்த தலைவர் நினைவகம்,
தலைநகர்.

பொருள்: நினைவகத்தில் நான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுதல், கடைக்கு வந்த கோட்டை எடுத்துக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பன்னிரண்டு வருடங்களில் முதல்முறையாகக் கடையை நான்கு நாள் பூட்டிவிட்டு, மனைவி, மகள், மைத்துனர் ஆகியோருடன் தலைநகரைச் சுற்றிப்பார்க்க வந்தேன். முதல் நாள் இரண்டு அருங்காட்சியகங்கள் பார்த்தோம். மகளுக்குத் திமிங்கல எலும்புக்கூடு மிகவும் பிடித்திருந்தது. மறுநாள் காலை தாங்கள் நிர்வகிக்கும் நினைவகத்துக்கு வந்தோம்.

2. தலைவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த கோட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். நான் தையலைப் பார்த்தேன். தொழில் புத்தி ஐயா, எங்கே போனாலும் கூடவே வந்து தொலைக்கிறது. குண்டு பாய்ந்தால் நூல் பிய்ந்து உள்பக்கம் இழுபட்டிருக்கும். அந்தத் துளையின் விளிம்போ சுத்தமாக, வட்டமாக இருந்தது. துளை வழியே தெரிந்த உள்துணியில் துளையே இல்லை. "இது குண்டு துளைச்ச ஓட்டை இல்ல, கத்தரிக்கோல் வெட்டு" என்று மனைவியின் காதில்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற மைத்துனருக்கு மெதுவாகச் சிரிக்கத் தெரியாது. காவலர் திரும்பிப் பார்த்தார்.

3. பின்பக்க அறைக்கு எங்களை மரியாதையாகவே அழைத்துச் சென்றார்கள். யாரும் அடிக்கவில்லை, அதட்டவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். விலாசத்தை எழுதிக்கொண்டார்கள். சோதனை என்று என் சட்டையைக் கழற்றி வாங்கிப் போய், ஒரு மணி நேரம் கழித்து இஸ்திரி போட்டு, மடித்துத் தந்தார்கள். அதுவரை மகள் என் கையை விடவேயில்லை. அன்றே ஊர் திரும்பிவிட்டோம்.

4. அன்று முதல் கடை வாசலில் நிழல் விழுந்தாலே ஊசி விரலில் ஏறிவிடுகிறது. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல" என்று முதல் வாரம் முழுக்க மனைவி திட்டினாள். இப்போது திட்டுவதில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

5. நான் சொன்னது தவறு. அது குண்டு துளைத்ததுதான். எனக்குக் கண்பார்வை மங்கி வருகிறது. எங்கே கேட்டாலும் எழுதித் தருகிறேன். உள்துணியைப் பற்றி இனி எவரிடமும் பேச மாட்டேன்.

6. சென்ற செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே அதே துணியில், அதே பொத்தான்களுடன் ஒரு புதுக் கோட்டு. துளை இல்லை. பையில் ஒரு சீட்டு: "இந்த முறை துளை சரியாக இருக்க வேண்டும்."

நினைவகத்துக்கு மாற்றுக் கோட்டு தேவைப்படுகிறது, வேலையை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அளவுநாடாவை எடுத்தேன். தலைவர் உயரமான மனிதர். இந்தக் கோட்டின் மார்பு, கை நீளம் எல்லாம் என் சட்டையின் அளவு. வலது தோள் அரை அங்குலம் தாழ்த்தித் தைக்கப்பட்டிருக்கிறது. வருடக்கணக்காக இயந்திரத்தின்மேல் குனிந்து எனக்கு அந்தத் தோள் தாழ்ந்துபோயிருக்கிறது.

7. கோட்டை நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. தயவுசெய்து ஆளனுப்பி அதை எடுத்துக்கொள்ளுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஆள் வரும் நாளை மட்டும் முன்கூட்டியே தெரிவித்தால், மனைவியையும் மகளையும் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். நான் கடையில்தான் இருப்பேன்.

தங்கள் பதிலுக்குப் பயந்தும், அதற்காகவே காத்தும் இருக்கும்,
(ஒப்பம்)
தையற்காரர்

இடம்: தையற்கடை
நாள்: வெள்ளிக்கிழமை, முற்பகல்

இணைப்பு: மேற்படி சீட்டு.