வெள்ளக்கோட்டுக் கல்

மார்ச் 4
நகராட்சித் தலைவர் நூலகத்துக்கே வந்துவிட்டார். ஆற்றங்கரையில் வரப்போகும் பூங்காவுக்கு ஊர் வரலாறு எழுத வேண்டுமாம், கருங்கல்லில் வெட்டி வைப்பார்களாம். "உங்கள விட்டா யாரு இருக்கா, லைப்ரரியம்மா?" யாரும் இல்லைதான். இந்த ஊரில் இரவல் போகும் புத்தகத்தில் பாதி ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுக்கத்தான் போகிறது.

மார்ச் 19
பூங்காவுக்காகக் கரையோர வீடுகளை இடிக்கிறார்கள். தங்கை வீடும் அதில் ஒன்று. படகுக்குத் தார் பூசுகிறவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள். தார் மாப்பிள்ளை என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். அதற்கும் சிரிப்பான், ரோஷம் கெட்டவன்.

"தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன் அக்கா" என்று வந்து நின்றாள். "எழுதறதுதான் என் வேலை, சிபாரிசு இல்ல" என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. விழட்டும்.

ஏப்ரல் 11
படகுத்துறைக் கொட்டகை வாசலில் நின்ற வெள்ளக்கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். வெள்ளம் வடிந்ததும் தண்ணீர் ஏறிய உயரத்துக்கு அதில் ஒரு கோடு வெட்டுவது இந்த ஊர் வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது அப்பா பிறந்த வருஷத்துப் பெருவெள்ளம். இப்போது கல்லை ஒன்றரை ஆள் உயரம் கீழே இறக்கி, படித்துறை ஓரமாக நட்டிருக்கிறார்கள். ஆற்றோடு சேர்த்துப் படம் பிடிக்க அங்கேதான் தோதாம்.

"கல்லு இறங்கினா கோடும் இறங்கிடுமே சார்" என்றார் கல்தச்சர்.

"அழகுக்குத்தான்யா. நீ என்ன ஆத்துக்கா கணக்கு எழுதப் போற?" என்றார் தலைவர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஏப்ரல் 30
கடைசி வரி வந்துவிட்டது. 'ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது; இந்தக் கல் மட்டும் என்றும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.' பொய்தான். ஆனால் என்ன வரி!

ஜூன் 2
திறப்பு விழா. கல்லுக்குப் பக்கத்திலேயே என் கல்வெட்டு. தலைவர் அந்த வரியை ஒலிபெருக்கியில் படித்ததும் கைதட்டல். ராத்திரி பல் தேய்க்கும்போதுகூட எனக்கு அது கேட்டது.

இடித்த வீட்டுக்காரர்களுக்குப் பூங்காவின் பின்னால், பழைய செங்கல் சூளைப் பள்ளத்தைத் தூர்த்து, காலனி கட்டுகிறார்கள். அதன் பொறியாளர் வெளியூர்க்காரர். கல்வெட்டைப் படித்துவிட்டு, மேல்கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"பெரிய வெள்ளமே இவ்வளவுதானா மேடம்?"

தலைவர் பக்கத்திலேயே நின்றார். 'இல்லை, கல்லை இறக்கி நட்டிருக்கிறார்கள்' என்றால், இப்போதுதான் கைதட்டு வாங்கிய வரி பொய் என்று நானே சொன்னதாகும்.

"ஆமா" என்றேன்.

"அப்ப ஆத்துமட்டக் கணக்குக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டாம். இந்தக் கோட்டுக்கு மேல ஒரு முழம் தரைய ஏத்தினாப் போதும்."

ஜூன் 3
சொல்லியிருக்க வேண்டுமோ? நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூலை 16
சொல்லவில்லை.

அக்டோபர் 8
தங்கை காலனிக்குக் குடிபோகிறாள்.

"பள்ளமாச்சே அக்கா. தண்ணி வராதுல்ல?"

"எஞ்சினியர் கல்லப் பாத்துதான் கட்டியிருக்காரு." அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

"எதுக்கும் எங்க படகையும் கொண்டுபோயிடலாம்னு அவரு—"

"வீட்டு வாசல்ல படகா? ஊரே சிரிக்கும்டி!"

படகைப் பூங்காவுக்கே கொடுத்துவிட்டார்கள். நுழைவாயிலில் வைத்து, மண்ணை நிரப்பிப் பூச்செடி நட்டிருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 9
விடாத மழை. படித்துறை தெரியவில்லை. இப்போதாவது போய்ச் சொல்— எதைச் சொல்வது? யாரிடம்?

நவம்பர் 12
ஐயோ, நான் என்னத்த எழுதுவேன்.

காலனி வீடுகளில் கதவு உயரத்துக்குத் தண்ணீர். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததுமே தங்கையைக் கூரையில் ஏற்றிவிட்டு, "இங்கயே இரு, படகக் கொண்டாரேன்" என்று மாப்பிள்ளை போனாராம். பூங்கா நுழைவாயில் கம்பியில் உயிரில்லாமல் சிக்கிக் கிடந்தார். படகில் பாதி மண் இல்லை. செடிகளைப் பிடுங்கி எறிந்திருக்கிறார். நகக்கண்ணெல்லாம் மண்ணு. கையாலயே அள்ளியிருக்காரு, பாவி மனுஷன், கையாலயே.

நவம்பர் 15
அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள்.

டிசம்பர் 1
இந்த வருஷக் கோட்டை வெட்டக் கல்தச்சர் வந்தார். வராதே என்று சொல்லியும் தங்கை கூடவே வந்தாள்.

"கல்லே முழுகிடுச்சேம்மா, கோட்ட எங்க போடறது?" என்று என்னைக் கேட்டார்.

"மொதல்ல நின்ன இடத்துலயே இருந்திருந்தா எதுவரைக்கும் வந்திருக்கும்?" தங்கைதான் கேட்டாள்.

அவர் கொட்டகைச் சுவரில் சேறு படிந்திருந்த உயரத்தை அண்ணாந்து பார்த்தார். "பழைய கோட்டுக்கு ஒரு விரக்கடை கீழதாம்மா. அந்தக் கோட்ட வச்சுக் கட்டியிருந்தா வாசப்படியோட நின்னிருக்கும்."

அவள் அழவில்லை. கல்வெட்டின் முன்னால் போய் நின்று, கடைசி வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒவ்வொரு சொல்லாக. சத்தமாக.

"இத நீதான எழுதின?"

"ஆமா."

"நல்லா எழுதியிருக்கக்கா" என்றாள். என் வீட்டுச் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தம் பக்கம் நடந்தாள்.