சோகைக்கு வைத்த தீ

சுத்துக்கேணி
பங்குனி 14

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அப்பா சுப்பராயலு எழுதுவது. அந்த ஸ்காட்லாந்துக் குளிரில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே எங்களுக்கும் உடம்பில் குறைவில்லை. அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார், போன் என்ன ஆயிற்று என்று நினைப்பாய். போன் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய்தான் வருகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீ நட்டு வளர்த்த உன் காடு எரிந்துபோயிற்று. தீ வைத்தவன் நான்தான்.

மாசிக் கடைசியில் கரும்பு வெட்டு முடிந்தது. வயலெல்லாம் காய்ந்த கரும்புச் சோகை. வாரிப்போட ஆள் கிடைக்கவில்லை. கொளுத்தமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் முப்பது வருஷமாகச் சோகை கொளுத்துகிறவனுக்கு ஒரு திமிர் இருக்குமல்லவா? காலை மேல்காற்றில் வைத்தால் தீ கிழக்கே ஓடிவிடும், மேற்கே இருக்கும் காட்டை எட்டிக்கூடப் பார்க்காது. பத்து மணிக்குமேல் கடல்காற்று திரும்பிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு மோட்டாருக்கு பெல்ட் வாங்க மதகடிப்பட்டுக்குப் போனவன், டீக்கடையில் ஊர்க்கதை பேசி உட்கார்ந்துவிட்டேன். வந்து தீ வைத்தபோது மணி பத்தரை. இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் என்று நினைத்தேன். கால்வாசி வயல் எரிவதற்குள் காற்று காட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

சருகைத் தொடாதீர்கள், அதுதான் மண்ணுக்குச் சோறு என்றாய். ஆறு வருஷம் ஒரு கூடைகூட அள்ளவிடவில்லை நான். அடுப்பெரிக்கக் கேட்டு வந்த ராமாயியை வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன். நீ சொன்னதில் அந்த ஒன்றைத்தான் ஒழுங்காகக் காப்பாற்றினேன். கணுக்கால் ஆழம் கிடந்த அந்தச் சருகில்தான் தீ ஓடியது. வீரை, காயா, உலக்கைப்பாலை என்று ஒரு மரத்தையும் விடவில்லை. அங்கே உன் வேலையில் நீங்கள் எல்லாரும் தண்ணீர் தேக்கிக் காப்பாற்றுகிற சதுப்பில் மண்ணே மாதக்கணக்கில் எரியும் என்று சொன்னாயே, மண் எரியுமா என்று நான் சிரித்தேன். இங்கே மூன்று நாள் மண்ணுக்குள் புகைந்தது. கூடு கட்டியிருந்த செம்போத்து ஜோடி இரண்டு நாள் வரப்பிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டது.

போன வாரம் நீ கேட்டபோது நான் அனுப்பிய படம் ஐப்பசியில் எடுத்தது. இந்த வெயிலிலும் இவ்வளவு பச்சையா அப்பா என்று சந்தோஷப்பட்டாய். சித்திரை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்து காட்டையே பார்த்துக்கொள்கிறேன் என்றாய். விட்டுவிடாதே அம்மா. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ வந்து பார்த்துக்கொள்ள இங்கே ஒன்றும் இல்லை.

நகத்தால் பட்டையைக் கீறினால் பச்சை தெரிய வேண்டும், தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். நானூற்றுச் சொச்சம் மரத்தையும் கீறிப் பார்த்துவிட்டேன். எல்லாம் காய்ந்த கட்டை. இருந்தும் தினமும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறேன். "செத்த மரத்துக்கு இன்னாத்துக்கு மாமா தண்ணி?" என்று பக்கத்து வயல் இருசப்பன் கேட்கிறான். ஊற்றாமல் வீட்டில் உட்கார முடியவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

கரும்புக் கட்டை மட்டும் துளிர்த்து ஒரு சாண் வந்துவிட்டது. நெருப்பு பட்டால் மறுதாம்பு நன்றாக வரும் என்பார்கள், அப்படியேதான் வந்திருக்கிறது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஒரு காணி உன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது. நகை வேண்டாம், நிலத்தைக் கொடுங்கள், காடு வளர்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டாய். கொடுத்ததை நானே கொளுத்திவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

நீ அங்கே காப்பாற்றுகிற மண்ணாவது நனைந்தே இருக்கட்டும். நீ நன்றாக இரு.

உன் அம்மா என்னிடம் பேசிப் பதினெட்டு நாள் ஆகிறது. நீங்கள் செய்ததை நீங்களே சொல்லுங்கள் என்று சொன்னதுதான் கடைசி. இப்போது போன் அவளிடம்தான் இருக்கிறது. கடிதம் கிடைத்ததும் திட்டுவதற்காகவாவது கூப்பிடு. அவள்தான் எடுப்பாள். அப்பாவிடம் கொடு என்று நீ சொன்னால்தான் கொடுப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுப்பராயலு