குசும்பப்பூக் கஷாயம்

கோழி வருஷம், ஏழாம் மாதம், ஒன்பதாம் நாள்
மாவட்ட ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி

கொழுந்தன் பாக்-சிங்குக்கு,

அண்ணி யுன்-சாம் எழுதுவது. இருபத்தைந்து வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாதவள் இன்று எழுதுகிறேன். மீன்குளத்துக் கரையில் என் மகன் கம்-தோங் மேல் கை டிராக்டர் புரண்டுவிட்டது. இடது கால். முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்று துண்டு, ரத்தக்குழாயும் அறுந்துவிட்டது. ஒன்பது மணி நேரம் உள்ளே வைத்துத் தைத்தார்கள். வெளியே இரும்புக் கம்பிகள் மாட்டி, உடைந்த குடை போலக் கிடக்கிறது கால். பாதம் வீங்கிப் பளபளக்கிறது, தொட்டால் குளிர்கிறது. காலை வைத்திருக்க முடியுமா, எடுத்துவிட வேண்டுமா என்று பத்து நாள் போன பிறகுதான் சொல்ல முடியுமாம்.

நீ இப்போது நகரத்து ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களுக்கு நாட்டு மருந்து எழுதுகிறாய் என்று கேள்விப்பட்டேன். வெள்ளைக் கோட்டு கூட உண்டாம். இருக்கட்டும். குரங்கு வருஷத்தில் உன் அண்ணன் காலைப் படகு நசுக்கியபோது நீதான் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாய். பதினோராம் நாள் கறுத்துப்போய், தொடையோடு எடுத்தார்கள். அன்று நீ போட்டிருந்த சாம்பல் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

அவர் காலுக்கு நீ பதில் சொல்லவில்லை. அவர் மகன் காலுக்காவது சொல். வீக்கம் இறங்க என்ன கொடுக்கலாம்?

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதுவது வழக்கம். எழுதியாயிற்று.

அண்ணி
யுன்-சாம்


ஏழாம் மாதம், பன்னிரண்டாம் நாள்

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

பாக்-சிங் வணங்கி எழுதுவது. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். கம்-தோங்கை ஆறு வயதில் பார்த்தது.

அண்ணி, இப்போது வாய்வழியாக நம் மருந்து எதுவும் வேண்டாம். குழாயைத் தைத்திருப்பதால், உள்ளே ரத்தம் கட்டாமல் இருக்க அவர்கள் ஊசி போடுவார்கள். அதோடு ரத்தத்தை ஓட்டுகிற நம் கஷாயமும் சேர்ந்தால் ரத்தம் நிற்காது. அடிபட்ட வீக்கத்துக்கு அது மருந்துதான், இவனுக்கு அது ஆபத்து. பாதம் குளிர்கிறதே என்று வெந்நீர்ப் பையும் வைக்காதீர்கள். அதை நர்ஸிடம் உடனே காட்டுங்கள். மீன் கஞ்சி கொடுங்கள். முதுகு புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் சம்மதித்தால் விரல்களை அவனே அசைத்துப் பார்க்கட்டும். இந்த நேரத்தில் நம்மால் ஆவது இவ்வளவுதான்.

இதோடு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். குடிப்பதற்கு அல்ல. புண் முழுக்க ஆறி, டாக்டரும் சரி என்ற பிறகு, கொதிக்க வைத்து ஆவி பிடித்தால் கணுக்கால் இறுகாது. அதுவரை பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.

அண்ணனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வயதில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

பணிவுடன்
பாக்-சிங்


ஏழாம் மாதம், பதினேழாம் நாள்

பாக்-சிங்குக்கு,

கடிதமும் பொட்டலமும் வந்தன. அண்ணனுக்குப் பதினோரு நாள் கஷாயமாக ஊற்றினவன், அவர் மகனுக்கு மீன் கஞ்சி போதும் என்கிறாய். வெள்ளைக் கோட்டு போட்டதும் பயம் வந்துவிட்டதா, இல்லை பெரிய டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பார்க்கிறாயா?

உன் சீட்டு எனக்கு எதற்கு? நீ அன்று எழுதியது எனக்கு மனப்பாடம். குசும்பப்பூ மூன்று சியன் எடை, பீச் கொட்டைப் பருப்பு மூன்று, குந்துருக்கம் இரண்டு, வெள்ளைப்போளம் இரண்டு. சந்தையில் மருந்துக்கடைக்காரன் யார் எழுதிய சீட்டு என்று கேட்டான். தலைக்குள் இருக்கிறது, நிறு என்றேன்.

மருமகள் முய்-லான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து ஃபிளாஸ்க்கில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தான். ஆனாலும் அம்மா கொடுத்தது என்று குடித்துவிட்டான். இன்றைக்குப் பாதத்தில் கொஞ்சம் சூடு தெரிகிறது. இப்போது சொல், யார் வைத்தியர்?

யுன்-சாம்


எட்டாம் மாதம், இருபதாம் நாள்

பாக்-சிங்குக்கு,

உன் தந்திக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன், படுத்தால் தூக்கம் வருவதில்லை. ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

தந்தி வருவதற்கு முந்தின நாள் மாலை கட்டு நனைந்தது. பிறகு மெத்தை நனைந்தது. தள்ளுவண்டியில் ஏற்றும்போது டாக்டர், யாராவது ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். ஃபிளாஸ்க்கை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். முய்-லான்தான் கத்தினாள்: "எங்க மாமியாரோட கொழுந்தன் பொட்டலம் அனுப்பியிருக்காரு. மாமனார் காலை எடுத்தது பத்தலயாம், மகன் காலும் வேணுமாம்." பொட்டலத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள். அது கட்டுப் பிரிக்காமல் இருந்ததை நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மதியம் டாக்டர்கள் வராந்தாவில் நின்று பேசினார்கள். ரத்தம் ஏன் நிற்கவில்லை என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஊசியை அடியோடு நிறுத்தினால் குழாய் அடைத்துக் கால் செத்துவிடும், தொடர்ந்தால் ஆளே போய்விடுவான், பேசாமல் காலை எடுத்துவிடலாம் என்றார்கள். அப்போதுதான் உன் தந்தி கைக்கு வந்தது. 'உடனே நிறுத்துங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.' எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தேன்.

டாக்டர் அறைக்குப் போய் ஃபிளாஸ்க்கை மேஜை மேல் வைத்தேன். அவர் திட்டவில்லை. "எத்தனை வேளை குடிச்சாரு?" என்று மட்டும் கேட்டார். ஐந்து என்றேன். என்னென்ன போட்டேன், எவ்வளவு போட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன், எழுதிக்கொண்டார். கஷாயத்தின் வேகம் தணியும்வரை ஊசியைப் பாதியாகக் குறைத்து, மணிக்கொரு தரம் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ரத்தம் நின்றது. கால் இருக்கிறது.

முய்-லானிடமும் நானே சொன்னேன். அதிலிருந்து என் கையால் அவனுக்குத் தண்ணீர் கூடக் கொடுக்க விடுவதில்லை. அவள் செய்வது சரிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. குரங்கு வருஷத்தில், கட்டுப் போட்ட ஐந்தாம் நாள், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "அண்ணி, எனக்கு இது பிடிபடல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம்." நான் சொன்னேன்: "அங்க போனா வெட்டிடுவாங்க. நீ இன்னொரு கஷாயம் எழுது." உனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் அழுததால்தான் எழுதினாய். இதை நீயும் யாரிடமும் சொல்லவில்லை. நான் ஊரெல்லாம் உன்னைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த ஐந்தாம் நாளை நான் ஒருநாளும் மறக்கவில்லை, பாக்-சிங். சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

புண் ஆறிவிட்டது. கணுக்கால்தான் மரக்கட்டை போல இறுகிக் கிடக்கிறது. இனி ஆவி பிடிக்கலாம், நீவிவிடலாம், அதற்கு உங்கள் ஆளையே வரச்சொல்லுங்கள் என்று டாக்டரே சொல்கிறார். கம்-தோங்கும் தினம் கேட்கிறான், சித்தப்பா வருவாரா என்று.

வந்தால் நீ என்னிடம் பேச வேண்டாம். நான் கீழே வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். மேலே போய் அவன் காலைப் பார்.

யுன்-சாம்