வாப்பாவின் முன்பல்

நிந்தவூர்
05.01.2025

என் அன்பு மகள் முஸ்பிறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம், நானும் சுகம், என் வாய் மட்டும்தான் சுகமில்லை. போனில் கதைத்தால் முன்பல் இல்லாத ஓட்டையால் விசில் பறக்கிறது. கடிதத்தில் அந்தக் கரைச்சல் இல்லை.

உன் கலியாணத்துக்குள் பல் பூட்டிவிடலாமென்று கல்முனைக்குப் போனேன். சைக்கிளுக்கு டியூப் மாற்றுகிற மாதிரிப் பின்னேரத்துக்குள் முடியும் என்று நினைத்து, வரும்போது கடிக்க அவித்த சோளனும் வாங்கி வைத்திருந்தேன். டொக்டர் தாடை எலும்பில் ஆணி இறுக்கிவிட்டு, "எலும்பு ஆணியப் பிடிக்க ஆறு மாசம் செல்லும். பிறகுதான் பல்லு" என்றார். சோளனை உம்மாதான் தின்றா.

கலியாணமோ அடுத்த மாதம். பள்ளிவாசலில் அத்தனை பேருக்கு முன்னால், "என் மகள் முஸ்பிறாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்று பெற்றவன் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஸஜாத், பெண் முஸ்பிறா. இரண்டு பெயரிலும் விசில்! ஆட்கள் சிரித்தால் உனக்குத்தான் வெட்கம். எனக்குப் பதிலாக என் தம்பி பாயிஸ் சாச்சாவைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓட்டைவாய் வாப்பா

பேராதனை
13.01.2025

அன்பு வாப்பா,

வஅலைக்குமுஸ்ஸலாம். அந்தப் பல் எப்படிப் போனதென்று மறந்துவிட்டீர்களா? பஸ் நிலையத்தில் சோடா கேட்டு நான் உருண்டு அழ, மூடியைப் பல்லால் கழற்றினீர்கள். இரத்த வாயோடு, "குடி புள்ள, மூடி கழண்டுட்டு" என்று சிரித்தீர்கள். ஒரு பல் அன்றைக்கே, மற்றது அடுத்த கிழமை. என் பால்பல்லோடு உங்கள் பல்லையும் கூரையில் எறிந்துவிட்டு, முளைத்ததா என்று எத்தனை நாள் உங்கள் வாயைத் திறந்து பார்த்தேன்!

பதினேழு வருடமாக அந்த விசிலோடுதான் என்னைக் கூப்பிடுகிறீர்கள். சாச்சா நல்லவர். ஆனால் அவர் என் வாப்பா இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால், சம்மதம் கேட்டு வரும்போது நான் வாயே திறக்க மாட்டேன்.

உங்கள் முஸ்பிறா

நிந்தவூர்
22.01.2025

மகள்,

பெண் வாய் திறக்காவிட்டால் அதைத்தான் சம்மதம் என்று எடுப்பார்கள். மிரட்டவும் தெரியாத பிள்ளை நீ.

சரி, நானே சொல்கிறேன். கிணற்றடித் தென்னைக்கு உன்னை நான்கு தடவை நிக்காஹ் செய்து கொடுத்துப் பார்த்தேன். அது ஒருமுறைகூட ஏற்றுக்கொள்ளவில்லை. "மரத்தோட என்ன கதை?" என்று உம்மா ஏசினா. சாச்சாவுக்குக் கோபமில்லை. புதுச் சட்டை தைத்ததுதான் வீண் என்றான்.

வாப்பா

நிந்தவூர்
30.07.2025

மகளுக்கும் மருமகன் ஸஜாத்துக்கும் ஸலாம்.

பல் பூட்டியாச்சு. முதலில் டொக்டர் அளவு பார்க்க, பல் தெரியச் சிரித்த பழைய படம் கேட்டார். வீடெல்லாம் தேடினேன். பல் இருந்த காலத்தில் படமெடுக்க வசதியில்லை. படமெடுத்த காலத்தில் பல் இல்லை. வாய் திறந்த படம் ஒன்றே ஒன்று: உன் நிக்காஹ்வில் நான் விசிலடித்து முடிக்க, பள்ளியே சிரித்து, நானும் சிரித்தது. அதைக் கொடுத்தேன். "இதில பல்லே இல்லையே" என்றார்.

பூட்டி முடிந்ததும் அவருடைய போனை வாங்கி முதலில் உனக்குத்தான் எடுத்தேன். "மகள் முஸ்பிறா" என்றேன். துளி விசில் இல்லை. மௌலவி மாதிரி இருந்தது.

"நீங்க ஆரு கதைக்கிற?" என்று கேட்டாய்.

போனை வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சோளன் கடித்தேன், நன்றாகத்தான் கடிபடுகிறது.

என் குரல் உனக்குப் பழகும் வரைக்கும் கடிதமே எழுதுகிறேன், மகள். என் கோழிக்கிறுக்கல் மாறவில்லை, பார்.

அன்றைக்குக் கதைத்தது நான்தான்.

வாப்பா