நீ குனிந்து பார்த்த தடம்

பக்கத்து வீட்டில் காலையிலிருந்து செங்கல் உடைக்கிறார்கள். பதுளைக் காற்றுக்குத் தூள் முழுவதும் என் வாசலில்தான். செருப்போடு உள்ளே வந்துவிட்டேன் போல, கூடமெல்லாம் சிவப்பாக என் கால் தடம். மூன்று தரம் துடைத்தேன், போகவில்லை. உட்காரவும் முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன், நீ இறந்து இரண்டு வருடமான பிறகு.

நமுனுகுலப் பக்கம் நம் தேயிலைத் தோட்டத்தில், தோட்டத்து அதிகாரிகளான துரைமாரின் கிளப்புக்கு ஒரு டென்னிஸ் மைதானம் இருந்தது. உன் அப்பா அங்கே மார்க்கர், துரைமாருக்குப் பந்தடித்துக் கொடுப்பது வேலை. என் அப்பா கொழுந்து லொறி ஓட்டினார். செங்கலை இடித்துச் சலித்து மைதானத்தில் தூவி உருளை இழுத்தால், துரைமார் வராத நேரத்தில் நாம் ஆடலாம். பத்து ஆட்டத்தில் ஏழு உனக்குத்தான். எனக்கு வயிறு எரியும். "ஒனக்கு கை நல்லாருக்கு புள்ள, காலுதான் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது" என்பாய்.

தொண்ணூறுகளின் நடுவில் கொழும்பில் பெண்களுக்கான சின்னத் தொழில்முறைப் போட்டி ஒன்று வந்தது. ஒரே ரயிலில் போனோம், ஒரே பார்சல் ரொட்டியைத் தின்றோம். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் நம் இருவரையுமே மோதவிட்டார்கள். ஜெயிப்பவள் உள்ளே, தோற்பவள் வீட்டுக்கு. அங்கேயும் செங்கல் தூள் தரைதான், பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். அந்த ஆட்டங்களுக்கு நடுவர் கிடையாது, அவரவர் பக்கத்தில் விழும் பந்துக்கு அவரவரே தீர்ப்பு; கோட்டைத் தொட்டால் உள்ளே.

மூன்றாவது செட். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் நீ ஜெயித்துவிடுவாய். நீ அடித்த பந்து என் பின்கோட்டில் விழுந்தது. நான் விரலைத் தூக்கி "அவுட்" என்றேன். நீ வலையைச் சுற்றி வந்து, "காட்டு" என்றாய். கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த புதுத் தடத்தை விட்டுவிட்டு, அரையடி தள்ளியிருந்த பழைய தடத்தை மட்டையால் காட்டினேன். நீ குனிந்து வெகுநேரம் பார்த்தாய். பிறகு "சரி" என்று திரும்பிப் போனாய். அதற்கப்புறம் நீ ஆடியது ஆட்டமே இல்லை.

அடுத்த சுற்றில் என்னோடு ஆடியவள் கணுக்கால் பிசகிப் பாதியில் விலகிக்கொண்டாள். எனக்கு முதல் உலகத் தரவரிசைப் புள்ளி கிடைத்தது, ஒரே ஒரு புள்ளி. ஒரு வருடத்தில் அது காலாவதியாகிவிடும், அதற்குள் இன்னொன்று தேட வேண்டும். இரண்டாயிரம் பிறந்த பிறகும் அப்படியே அலைந்தேன். இந்த ஊரில் தோற்றால் அடுத்த ஊர், அங்கேயும் தோற்றால் அதற்கடுத்தது. பட்டியலின் கடைசிப் பக்கத்தை விட்டு நான் மேலே ஏறவேயில்லை.

நீ தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு தரமும் பதுளையில் பஸ் ஏறும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று உறுதியாக இருப்பேன். உன் வாசலுக்கு வந்ததும் மண்ணெண்ணெய் விலையைப் பற்றிப் பேசுவேன். நீயோ, என் பெயர் பொடி எழுத்தில் வந்த பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டுவாய். வெட்கங்கெட்டவள், அதையும் வாங்கிப் பார்ப்பேன்.

கடைசியாகப் பதுளை ஆஸ்பத்திரியில், சொல்லியே தீருவது என்றுதான் வந்து நின்றேன். சேலைன் மாற்றிக்கொண்டிருந்த நர்ஸிடம் நீ முந்திக்கொண்டாய். "இவ என்னயத் தோக்கடிச்சிட்டுத்தான் மிஸ் வெளிநாடெல்லாம் போனா. அந்தப் பந்து அவுட்டு. நானே போயி பாத்தேன்."

பந்தைப் பற்றி நர்ஸ் கேட்கவேயில்லை. சொல்லும்போது நீ பார்த்தது என்னைத்தான். நான் உன் போர்வையைச் சரிசெய்தேன். மூன்றாம் நாள் தகவல் வந்தது.

மன்னித்தாயா, குத்திக்காட்டினாயா? உன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவிடாமல் வாயை அடைத்துவிட்டுப் போய்விட்டாய்.

இப்போது நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பந்து கோட்டருகே விழுந்தால் போதும், ஓடிப்போய் மண்டியிட்டுப் பார்ப்பேன். மிஸ்ஸுக்கு இருப்புக்கொள்ளாது என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பந்து கோட்டில்தான் விழுந்தது. விரலைத் தூக்கும்போதே எனக்குத் தெரியும். ஆட்டம் உன்னுடையது.