அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான்

நெய்வேலி, 19-வது பிளாக்
12-11-1981

அன்பு மகன் சிங்காரவேலுக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆறு வருஷமாக அப்பா எழுதுகிறார், நான் அப்படி எழுதப்போவதில்லை.

போன மாதம் உனக்கு வந்த இன்லண்டு லெட்டர் நான் எழுதியதுதானடா. அம்மாவுக்கு ஏது எழுத்து, யாரோ விஷமம் செய்கிறார்கள், பிளாக்கில் விசாரியுங்கள் என்று நீ அப்பாவுக்கு எழுதியிருந்தாய். அவர் அதைச் சத்தமாகப் படித்தார். நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். "ரேகை வெக்கிறவ நீ, லெட்டர் எழுதினியா?" என்று சிரித்துவிட்டு செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். எழுதிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. இருபத்தெட்டு வருஷம் கூட இருக்கிறவரிடம் நான் பரீட்சையா எழுத வேண்டும்? வீம்பு என்றே வைத்துக்கொள். எதிர் குவார்ட்டர்ஸ் முனவராதான் இரண்டு வருஷமாக எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள், "அரிவாமணை புடிச்ச கையி, மெதுவாத்தான் வருங்க" என்பாள். முன்பெல்லாம் அப்பா எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வேன். குளியலறையில் விழுந்ததைச் சொன்னேன், இடது காது கேட்கவில்லை என்றும் சொன்னேன். "புள்ள தூரத்துல இருக்கான், அதெல்லாம் எதுக்கு" என்று, அம்மா சௌக்கியம் என எழுதி ஒட்டிவிடுவார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நீ இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருக்கும் அந்தச் சௌக்கியமான அம்மா யார் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னும் சந்தேகமா? அப்பாவுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ வேலைக்குப் புறப்பட்ட அன்று விருத்தாசலம் ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் குழாயடிக்குப் போய் அழுதாய். நான் பின்னாலேயே வந்து முந்தானையால் துடைத்துவிட்டேன். "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்றாய். இன்றுவரை சொல்லவில்லை. இதை எழுதியவள் உன் அம்மா என்றால் முந்தின கடிதத்தில் இருந்ததும் நிஜம்தான். அப்பா ஷிஃப்டுக்குப் போனபின் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, பொங்கலுக்கு வா என்று அதில் கேட்டேன், இப்போதும் அதையேதான் கேட்கிறேன்.

குளிருக்கு ஸ்வெட்டர் போடு, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். பதிலை மறக்காமல் என் பேருக்கே போடு. அந்தப் பேருக்கு இந்த வீட்டில் இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை.

இப்படிக்கு, தன் கையாலேயே எழுதும்
உன் அம்மா
ராஜாம்பாள்